கைடுக்கு வந்த ரிவ்யூ பேப்பரை ஸ்காலர் எழுதிக் குடுக்கலாமா?

கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதே நிலைமைல இன்னும் நிறைய பேர் இருப்பீங்க. கேட்டவர் பிஎச்டி மூணாவது வருஷம். அவர் கைடுக்கு ஒரு ஜர்னல்லேருந்து பேப்பர் ரிவ்யூ பண்ணச் சொல்லி, அதாவது இன்னும் அச்சாகாத ஒரு பேப்பரைப் படிச்சுட்டு போடலாமா வேணாமான்னு கருத்து சொல்லச் சொல்லி, மெயில் வந்திருக்கு. அவர் அந்த பிடிஎஃப்பை அப்படியே வாட்ஸ்அப்ல தள்ளிவிட்டு "நாலு நாள்ல கமெண்ட்ஸ் எழுதிக் குடுப்பா, என் லாகின்ல நான் போட்டுக்கறேன்"னு சொல்லிட்டார். தம்பி திறந்து பாத்தா அது இவரோட தீஸிஸ் மூணாவது சாப்டர் டாபிக்கேதான், மெத்தடும் கிட்டத்தட்ட அதே, ரிசல்ட் மட்டும் இவரோடதை விட நல்லா வந்திருக்கு. எழுதலாமா, மாட்டேன்னா கைடு கோச்சுக்குவாரே, அதுல டேட்டாவை ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வர்ற ஒரு நார்மலைசேஷன் ஐடியா அருமையா இருக்கே அதை நான் எடுத்துக்கலாமா, இதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். எடுத்துக்கக் கூடாது. அந்தப் பேப்பர் உங்ககிட்ட வந்தது பக்கத்து வீட்டுக்காரங்க ஊருக்குப் போறப்ப சாவியைக் குடுத்துட்டுப் போற மாதிரி, வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடுச்சுங்கறதுக்காக எடுத்துட்டு வர முடியாது. ஆனா ஒண்ணு, அதே பேப்பர் ஆர்க்கைவ் மாதிரி எதாவது ப்ரீப்ரின்ட் சர்வர்ல (ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே பேப்பரை எல்லாரும் படிக்கப் போட்டு வைக்கற தளம்) ஏற்கனவே கிடக்குதான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. கிடந்தா அது ஊரறிஞ்ச விஷயம், தாராளமா சைட் பண்ணிட்டு, அதாவது எந்தப் பேப்பர்லேருந்து எடுத்தோம்னு குறிப்பிட்டுட்டு, யூஸ் பண்ணலாம். கிடைக்கலேன்னா அது வெளிய வர்ற வரைக்கும் உங்க மனசுல இருந்தாலும் உங்க கம்ப்யூட்டர் கோடுல இருக்கக் கூடாது. கஷ்டம்தான், பாத்ததைப் பாக்காத மாதிரி ஆக்க முடியாது, அதனாலதான் இப்படிப்பட்ட பேப்பரை அப்ஸ்ட்ராக்ட் பாத்த உடனேயே வேணாம்னு திருப்பி அனுப்பிடணும்னு சொல்றது.

இனி மத்த ரெண்டு. உங்க விஷயத்துல ரெண்டு தனித்தனி பிரச்சனை ஒண்ணோட ஒண்ணு சிக்கிட்டு இருக்கு. பேர் இல்லாம இன்னொருத்தருக்காக ரிவ்யூ எழுதறது ஒண்ணு, அது சரி பண்ணக்கூடியது, எடிட்டருக்கு ரெண்டு வரி மெயில் போட்டு அனுமதி வாங்கினா தீந்துது. போட்டிப் பேப்பரை நீங்களே மதிப்பிடறது இன்னொண்ணு, அது எந்த மெயில் போட்டாலும் உங்க வரைக்கும் சரியாகாது, ஒதுங்கிக்கறதுதான் வழி. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிட்டு, ஒண்ணு எல்லாமே தப்புன்னு பயப்படறாங்க இல்ல எல்லாரும் செய்யறதுதானேன்னு விட்டுடறாங்க.

எல்லாரும் செய்யறதுதான், அதையும் மறைக்க வேணாம். 2019ல ஈலைஃப்ங்கற ஜர்னல்ல இதைப் பத்தி ஒரு சர்வே வந்துச்சு, அதுல பதில் சொன்ன இளம் ஆராய்ச்சியாளர்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் வேற ஒருத்தர் பேர்ல ரிவ்யூ எழுதிக் குடுத்திருக்கோம்னு ஒத்துக்கிட்டாங்க. நானும் அந்தப் பாதில ஒருத்தன். ஸ்காலரா இருந்தப்ப என் கைடுக்கு ஏழெட்டு ரிவ்யூ எழுதிக் குடுத்திருப்பேன், அப்ப அது பெருமையாத்தான் இருந்துச்சு, சார் நம்மள நம்பறாரேன்னு. அதுல நான் பண்ணின கூத்து என்னன்னா, வந்த பேப்பரையெல்லாம் லேப் காமன் சிஸ்டத்துல டி டிரைவ்ல "சார் ரிவ்யூ"ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு சேத்து வச்சிருந்தேன். ஒரு ஜூனியர் அதைப் பாத்துட்டு, எல்லாம் பப்ளிஷ் ஆன பேப்பர்னு நினைச்சு, அதுலேருந்து ஒரு ஃப்ளோசார்ட்டை எடுத்து, ஸ்காலர் வேலையைப் பாத்து மதிப்பிடற டாக்டரல் கமிட்டி பிரசன்டேஷன்ல போட்டுட்டான். கமிட்டில வெளியிலேருந்து வந்தவர் "நல்லாருக்கே, இது எந்தப் பேப்பர், ரெஃபரன்ஸ் குடு"ன்னு கேட்டதும் அவன் என்னைப் பாக்கறான், நான் கைடைப் பாக்கறேன், கைடு சீலிங் ஃபேனைப் பாக்கறார். அன்னைக்கு அந்த ரூம்ல யாரும் எதையும் திருடணும்னு நினைக்கல, ஆனா திருட்டுப் பொருள் ஸ்க்ரீன்ல இருந்துச்சு. திருட்டு எண்ணம் யாருக்கும் இல்லேன்னாலும், பேப்பர் கை மாறிக்கிட்டே போனா இது நடந்துடும்ங்கறதுதான் விஷயம்.

எண்ணமும் சேந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒரு பழைய கேஸ் இருக்கு, உங்க நிலைமைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்தும், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். 1978. அமெரிக்கால என்ஐஎச்ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல ஹெலனா வாக்ஸ்லிக்ட் ராட்பார்ட்னு ஒரு இளம் ஆராய்ச்சியாளர். சாப்பாட்டை வெறுத்து உடம்பு எலும்பாப் போற அனரெக்ஸியா நோயாளிகளுக்கு, செல்லுல இன்சுலினைப் பிடிச்சுக்கற இன்சுலின் ரிசப்டர் எப்படி மாறுதுன்னு ஒரு பேப்பர் எழுதி, தன் சீனியர் ஜெஸ்ஸி ராத்தோட பேரும் சேத்து, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு அனுப்பறாங்க. ஜர்னல் அதை யேல் யுனிவர்சிட்டில ஃபிலிப் ஃபெலிக்ங்கற பெரிய புள்ளிக்கு ரிவ்யூக்கு அனுப்புது. அவர் தனக்குக் கீழ வேலை பாத்த விஜய் சோமன்ங்கறவர்கிட்ட குடுக்கறார். சோமன் அதே டாபிக்ல வேலை பாத்துட்டு இருந்தவர், கவனிங்க, உங்க கேஸ் மாதிரியேதான். யேல்லேருந்து ரிஜெக்ட் பண்ணலாம்னு ரிவ்யூ போகுது, சோமன் பேப்பரை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கறார், கொஞ்ச நாள்ல சோமனும் ஃபெலிக்கும் சேந்து அதே விஷயத்துல ஒரு பேப்பர் எழுதி அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு அனுப்பறாங்க.

இப்பத்தான் வேடிக்கை. அந்த ஜர்னல் இந்தப் பேப்பரை ரிவ்யூக்கு யாருக்கு அனுப்புது? ஜெஸ்ஸி ராத்துக்கு. அவர் என்ன பண்றார்? தனக்குக் கீழ இருக்கற ராட்பார்ட்கிட்ட "இதைக் கொஞ்சம் பாரும்மா"ங்கற மாதிரி குடுத்துடறார். அந்தம்மா படிக்கறாங்க, படிக்கறது தான் எழுதின வரிகளையே, தான் போட்ட ஃபார்முலா உட்பட. சீனியர் ஜூனியர்கிட்ட தள்ளிவிட்டதாலதான் திருட்டு நடந்துச்சு, இன்னொரு சீனியர் இன்னொரு ஜூனியர்கிட்ட தள்ளிவிட்டதாலதான் அது பிடிபட்டுச்சு! ராத்தும் ஃபெலிக்கும் சின்ன வயசு ஃப்ரெண்ட்ஸ், அதனால பேசித் தீத்துக்கலாம்னு பாத்தாங்க, அந்தம்மா விடல, டேட்டாவையே ஆடிட் பண்ணணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. கிட்டத்தட்ட ஒரு வருஷம் இழுத்து 1980ல வெளியாள் ஒருத்தர் போய்ப் பாத்தப்ப காப்பியடிச்சது மட்டுமில்ல, நம்பர்களும் கோல்மால்னு தெரிஞ்சுது. சோமன் ராஜினாமா. அவரோட மத்த பல பேப்பர்களும் வாபஸ். ஃபெலிக் அதுக்குள்ள கொலம்பியா யுனிவர்சிட்டில பெரிய பதவிக்குப் போயிருந்தார், அதுவும் போச்சு. அவர் ஒரு வரி கூட காப்பியடிக்கல, ஜூனியர்கிட்ட குடுத்தார், திரும்பிப் பாக்கல, கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். ராட்பார்ட்டும் ஆராய்ச்சியை விட்டுட்டு டாக்டர் வேலைக்குப் போயிட்டாங்க. எனக்கு இந்தக் கதைல எப்பவும் உறுத்தறது அந்தக் கடைசி விஷயம்தான், திருட்டுக் குடுத்தவங்களும் கடையை மூடிட்டுப் போயிட்டாங்க.

இது ஜெராக்ஸ் காலத்துக் கதைன்னு நினைக்காதீங்க. 2016 டிசம்பர்ல மைக்கேல் டான்சிங்கர்ங்கற டாக்டர், அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் ஜர்னல்ல ஒரு திறந்த கடிதம் எழுதினார். அவர் டீம் பல வருஷம் உழைச்சு எழுதின பேப்பரை அதே அன்னல்ஸ் ரிஜெக்ட் பண்ணியிருந்துது, அதை ரிவ்யூ பண்ணினவர் நோயாளிகளோட ஊரை மாத்தி, ஆத்தர் பேரை மாத்தி, கிட்டத்தட்ட அப்படியே வேற ஜர்னல்ல போட்டுட்டார். டான்சிங்கர் அந்த ஆள் பேரைச் சொல்லாமலே எழுதினார். கத்தல, திட்டல, ஆனா படிச்சா நமக்குத்தான் கூசும்.

சரி, ரிவ்யூவரா இருந்தும் ஒழுங்கா நடந்துக்கறதுன்னா எப்படின்னு கேட்டா எனக்குப் பிடிச்சது ஐன்ஸ்டீன் கதை. 1936ல அவரும் அவர் கூட வேலை பாத்த ரோசனும் ஈர்ப்பு அலைகளே கிடையாதுன்னு ஒரு பேப்பர் எழுதி ஃபிசிக்கல் ரிவ்யூக்கு அனுப்பறாங்க. எடிட்டர் ஜான் டேட் அதை ரிவ்யூக்கு அனுப்பிட்டார், பத்துப் பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்துச்சு, இதுல தப்பு இருக்குன்னு. ஐன்ஸ்டீனுக்கு மகா கோபம், அச்சாகறதுக்கு முன்னாடி என் பேப்பரை வேற ஆளுக்குக் காட்ட யார் உங்களுக்கு அனுமதி குடுத்ததுன்னு கேட்டு வாபஸ் வாங்கிட்டார். (ஜெர்மனி ஜர்னல்கள்ல அப்ப அந்த வழக்கமே அவ்வளவா இல்ல, அவர் பக்கமும் நியாயம் இருக்கு.) ரிவ்யூ எழுதினவர் ராபர்ட்சன், பிரின்ஸ்டன்காரர். அவர் ஊருக்குத் திரும்பினதும் ஐன்ஸ்டீனோட அசிஸ்டன்ட் இன்ஃபெல்ட்கிட்ட பேச்சுவாக்குல அந்தத் தப்பை விளக்கறார், நான்தான் அந்த ரிவ்யூவர்னு மூச்சு விடல. பேப்பர் திருத்தப்பட்டு 1937ல வேற ஜர்னல்ல வேற முடிவோட வந்துச்சு. ராபர்ட்சன்தான் அதுன்னு ஜர்னல் ரெக்கார்டைத் தோண்டி உறுதியாச் சொல்ல 2005 ஆயிடுச்சு. ஐன்ஸ்டீன் தப்பையே கண்டுபிடிச்சவர் அதைச் சொல்லிக்காம இருந்திருக்கார், நம்மாளுங்க டீ கடைல "அந்தப் பேப்பரை நான்தான் ரிஜெக்ட் பண்ணினேன்"னு சொல்றதைக் கேட்டிருக்கேன்.

இப்ப உங்க கைடுகிட்ட எப்படிப் பேசறது. "இது எதிக்ஸ் இல்ல சார்"னு ஆரம்பிச்சீங்கன்னா முடிஞ்சுது, அடுத்த ஆறு மாசம் உங்க டிராஃப்ட் அவர் டேபிள்லயே கிடக்கும். அவரைக் காப்பாத்தற மாதிரி பேசுங்க, உண்மையும் அதுதான். "சார், இந்தப் பேப்பரும் என் மூணாவது சாப்டரும் ஒண்ணாவே இருக்கு சார். நாளைக்கு நம்ம பேப்பர் வெளிய போறப்ப இவங்க பாத்தாங்கன்னா, ரிவ்யூவுக்கு வந்ததுலேருந்து எடுத்துட்டாங்கன்னு எடிட்டருக்கு எழுதிட்டா நம்மகிட்ட பதில் இல்ல சார். நீங்க எடிட்டருக்கு ஒரு மெயில் போட்டுடலாம் சார்." இப்படிச் சொன்னா பெரும்பாலானவங்க கேட்டுக்குவாங்க, ஏன்னா பேர் போறது அவங்களோடது. அந்த மெயிலையும் நீங்களே டைப் பண்ணிக் குடுத்துடுங்க, வேலை மிச்சம்னு நிம்மதியா அனுப்பிடுவார். அதுல எழுத வேண்டியது இவ்வளவுதான்: எங்க லேப்லயும் இதே டாபிக்ல ஒரு வேலை எழுதற கட்டத்துல இருக்கு, அதனால இதை ரிவ்யூ பண்றது முறையா இருக்காதுன்னு நினைக்கறோம், நீங்க வேற மாதிரி நினைச்சா சொல்லுங்க, பேப்பரை என் ஸ்காலர் ஒருத்தரும் பாத்துட்டார், அதையும் தெரியப்படுத்தறேன். அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொல்லுவார். எடுக்க விடாதீங்க, முடிஞ்ச வரைக்கும். உங்களுக்குப் பாதுகாப்பே அந்த வரிதான்.

எடிட்டர் "பரவால்ல, நீங்களே பண்ணுங்க"ன்னு பதில் போடறதும் உண்டு. ஒரு சின்ன ஃபீல்டுல வேலை செய்யறவங்க எல்லாருமே ஒருத்தருக்கொருத்தர் போட்டிதான், போட்டியே இல்லாத ஆளைத் தேடினா விஷயம் தெரியாத ஆள்தான் கிடைப்பான், அது எடிட்டருக்குத் தெரியும். முடிவு எடுக்க வேண்டியது அவர், மறைக்காம இருக்க வேண்டியது நாம. அப்ப கைடு தனியா எழுதட்டும், நீங்க வேணாம். இதுவே வேற டாபிக்ல ஒரு பேப்பர் வந்துதுன்னா ஆசையா எழுதுங்க, கத்துக்கறதுக்கு அதை விட நல்ல வழி கிடையாது, ஆனா முன்னாடியே எடிட்டர்கிட்ட அனுமதி, உங்க பேரும் ரெக்கார்டுல. சில ஜர்னல்ல ரிவ்யூ ஃபார்ம்லயே கூட எழுதினவர் பேர் போட இடம் விட்டிருக்காங்க. கோப்னு 1997ல பிரிட்டன்ல மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் சில பேர் சேந்து ஆரம்பிச்ச பப்ளிகேஷன் எதிக்ஸ் கமிட்டி இருக்கு, இன்னைக்குப் பெரிய பதிப்பாளர்கள் எல்லாம் அதுல மெம்பர், அவங்க விதிமுறையும் இதேதான் சொல்லுது: அனுமதி இல்லாம வேற யாரையும் ரிவ்யூல சேக்கக் கூடாது, உதவினவங்க பேரைச் சொல்லணும். 2019லேருந்து யுஜிசி பிஎச்டி கோர்ஸ்வொர்க்ல ரெண்டு கிரெடிட் பப்ளிகேஷன் எதிக்ஸ் பேப்பர் கட்டாயம்னு வச்சிருக்கு, நீங்களும் எழுதி பாஸ் பண்ணியிருப்பீங்க. நான் பாத்த வரைக்கும் அந்த வகுப்புல பாதி நேரம் சிமிலாரிட்டி பர்சன்டேஜை (மத்தவங்க எழுதினதோட எவ்வளவு ஒத்துப்போகுதுங்கற கணக்கு) எப்படிப் பத்துக்குக் கீழ கொண்டு வர்றதுன்னுதான் ஓடுது.

வேற மாதிரி ஒரு "கை மாத்தல்" இப்ப புதுசா வந்திருக்கு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா நாலு நாள்ல எழுதணும்னா உங்க கை தானாவே அங்கதான் போகும். பேப்பரை சாட்ஜிபிடில போட்டு ரிவ்யூ எழுதச் சொல்றது. அச்சாகாத பேப்பரை வெளி சர்வர்ல ஏத்தறதும் டி டிரைவ்ல நான் போட்டதும் ஒண்ணுதான், இன்னும் மோசம். என்ஐஎச் 2023லயே கிரான்ட் ரிவ்யூ பண்றவங்க, அதாவது ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வர்ற விண்ணப்பங்களை மதிப்பிடறவங்க, இதைச் செய்யக்கூடாதுன்னு தடை போட்டுடுச்சு. அதுக்கு எதிர்ப்பக்கமும் ஆள் இருக்காங்க: 2025 ஜூலைல ஜப்பானோட நிக்கேய் பத்திரிகை ஆர்க்கைவ்ல தேடி 17 பேப்பரைக் கண்டுபிடிச்சது, அதுல வெள்ளைப் பேப்பர்ல வெள்ளை எழுத்துல, கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல, "பாசிட்டிவ் ரிவ்யூ மட்டும் குடு"ன்னு மெஷினுக்கு உத்தரவு எழுதி வச்சிருந்தாங்க. ரிவ்யூவர் சோம்பேறி, ஆத்தர் கேடி, நடுவுல மெஷின் மட்டும் சொன்ன பேச்சைக் கேக்குது.

எழுதற ரிவ்யூவுலயும் சில அசிங்கம் உண்டு, பின்னாடி உங்களுக்கே ரிவ்யூ வர ஆரம்பிக்கறப்ப ஞாபகம் இருக்கட்டும். "கீழ்க்கண்ட பேப்பர்களையும் சைட் பண்ணவும்"னு தன் பேப்பர் லிஸ்டையே போடறது. ஒண்ணு ரெண்டு நிஜமாவே சம்பந்தம் இருந்தா போகட்டும். ஜர்னல் ஆஃப் தியரிட்டிக்கல் பயாலஜில எடிட்டரா இருந்த ஒரு பிரபல பயோபிசிக்ஸ்காரர் தன்கிட்ட வந்த சில பேப்பருக்கு ஐம்பதுக்கு மேல சைட்டேஷன் கேட்டார்னு கண்டுபிடிச்சு 2020ல எடிட்டோரியல் போர்டுலேருந்தே அனுப்பிட்டாங்க. போட்டிப் பேப்பரை மூணு மாசம் மேல உக்காந்து அடைகாக்கறதும் அதே ரகம்தான், கேட்டா "எக்ஸாம் டியூட்டி"ன்னுவாங்க. இங்கிலீஷ் சரியில்லன்னு ஒத்தை வரில ரிஜெக்ட் பண்றதைப் பத்தி நமக்கு நான் சொல்லவே வேணாம், எல்லாரும் வாங்கிக் கட்டியிருக்கோம்.

நாளைக்கு நீங்களே பேப்பர் சப்மிட் பண்றப்ப "ரிவ்யூவர் பேர் சஜஸ்ட் பண்ணவும்"னு ஒரு கட்டம் வரும். அங்கயும் இதே சாவி விஷயம்தான். கொரியால மூன் ஹ்யுங்-இன்னு ஒரு மூலிகை ஆராய்ச்சிக்காரர், அந்தக் கட்டத்துல பேர்களைப் போட்டு, சிலது நிஜமான விஞ்ஞானிங்க பேரே, ஆனா மெயில் ஐடி மட்டும் தன் கைக்கோ தன் ஆளுங்க கைக்கோ வர்ற மாதிரி குடுத்துட்டார். தன் பேப்பருக்குத் தானே ரிவ்யூ. உஷாரா அங்கங்க சின்னச் சின்னக் குறையும் சொல்லிப்பாராம். ஒரே ஒரு தப்பு பண்ணினார், ரிவ்யூ எல்லாம் 24 மணி நேரத்துக்குள்ள வந்துச்சு. எந்த ஊர்லய்யா ரிவ்யூவர் ஒரே நாள்ல பதில் போடறான்னு எடிட்டருக்கு அங்கதான் சந்தேகம். 2012ல மாட்டினார், 28 பேப்பர் வாபஸ். 2017ல டியூமர் பயாலஜிங்கற ஜர்னல்லேருந்து மட்டும் 107 பேப்பர் ஒரே மூச்சுல தூக்கப்பட்டுச்சு, அதுவும் போலி ரிவ்யூதான். அதனால அந்தக் கட்டத்துல கூட வேலை செஞ்சவங்க, பழைய கோ-ஆத்தர், அதே காலேஜ் சீனியர் பேரெல்லாம் போடாதீங்க, மெயில் ஐடி இன்ஸ்டிட்யூட் ஐடியா குடுங்க.

உங்க சாப்டர் என்ன ஆகும்னு உள்ளுக்குள்ள ஒரு கவலை இருக்கும், கேக்கல ஆனா தெரியுது. இதே மெத்தட்ல இதுக்கு முன்னாடியே நீங்க வேலை பண்ணினதுக்கு ஆதாரம் உங்ககிட்டயே இருக்கு: லேப் நோட் தேதி, கோடை எப்ப எப்ப மாத்தினீங்கன்னு காட்டற கமிட் ஹிஸ்டரி, போன வருஷ கமிட்டி மினிட்ஸ். அதையெல்லாம் ஒரு காப்பி எடுத்து வைங்க. கைடு சம்மதிச்சா உங்க டிராஃப்டை, இப்ப இருக்கற நிலைலயே, இந்தப் பேப்பர்லேருந்து ஒரு புள்ளி கூட சேக்காம, ப்ரீப்ரின்ட்டா ஏத்திடுங்க. அவங்க ரிசல்ட் உங்களை விட நல்லாருந்தா இருக்கட்டும், அவங்க பேப்பர் வெளிய வந்ததும் சைட் பண்ணி ஒப்பிட்டு எழுதுங்க, அதே டாபிக்ல ரெண்டு பேர் தனித்தனியா வேலை பாத்தாங்கன்னா எந்த எக்ஸாமினரும் தீஸிஸைத் திருப்பி அனுப்ப மாட்டார்.

கைடு மெயில் அனுப்பினதும் அந்த பிடிஎஃப்பை அழிச்சிடுங்க. வாட்ஸ்அப் சாட்ல அழிச்சா மட்டும் போதாது, போன்ல டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்ல தனியா ஒரு காப்பி உக்காந்திருக்கும், லேப்டாப்ல திறந்திருந்தா டவுன்லோட்ஸ்லயும் ஒண்ணு, அப்புறம் ரீசைக்கிள் பின். லேப் பிரின்டர்ல பிரின்ட் எடுத்திருந்தீங்கன்னா அந்தத் தாளோட பின்பக்கத்தை ரஃப் ஷீட்டா யூஸ் பண்ணாதீங்க, எங்க லேப்ல அதுவும் நடந்திருக்கு.